மருந்து கேட்குமா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பாட்டும் நாடகமும் நடைபெற இருக்கின்ற மாலையில் எலியைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவனை மேடையேற்றும் துணிவு நம் சங்கத்தைத் தவிர வேறெந்தச் சங்கத்துக்கும் வந்திராது. திரைக்குப் பின்னால் குழந்தைகள் வேடம் புனைந்துகொண்டு பொறுமையிழந்து நிற்கிறார்கள் என்பதை அறிவேன். ஆகவே செயலாளர் அளித்திருக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் மருத்துவன் அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மும்பையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்தில் 28 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சுண்டெலிகளை வளர்ப்பது, அவற்றின் உடலில் புற்றுநோய்க் கட்டிகளை ஒட்டவைப்பது, மருந்து செலுத்துவது, கட்டி வளர்ந்ததா குறைந்ததா என்று அளந்து ஏட்டில் எழுதுவது ஆகியவையே என் தொழில். நம் காலனிக் குழந்தைகள் என்னை ‘எலி மாமா’ என்று அழைப்பதன் காரணம் இதுதான். அந்தப் பட்டத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

நம்மில் பலருடைய வீடுகளுக்கு ஊரிலிருந்து உறவினர் வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, வேலை தேடி, மற்றொன்று, வைத்தியத்துக்காக. பரேலில் 1941-ஆம் ஆண்டு டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. சென்னை அடையாற்றில் 1954-ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் புற்றுநோய் நிலையம் தோன்றியது. அதற்குப் பின்னரும் மும்பைக்கு வருகிறவர்களின் வரவு நிற்கவில்லை. கூடத்தில் ஒரு பாயும் தலையணையும் எப்போதும் தயாராக இருக்கின்ற இல்லங்கள் இந்தக் காலனியில் எத்தனையோ உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு தஞ்சை மாவட்டத்திலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். பெருங்குடலில் புற்று. ஊர்ப்பக்கத்திலேயே ஒருமுறை அறுவை செய்து, கீமோ சிகிச்சையும் நடந்து முடிந்திருந்தது. பின்னர் கல்லீரலில் ஓரிடத்தில் நோய் தலைகாட்டியது. அதை அகற்ற இந்நகரின் மருத்துவமனை ஒன்றில் நாள் குறித்திருந்தார்கள். ஒருநாள் மாலை அவருடைய மகன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு கற்றைக் காகிதம்.

“ஐயா, அம்மாவின் கட்டியில் ஒரு துண்டை எலியின் உடம்பில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்கிறார்களாமே, உண்மையா? வெளிநாட்டில் ஒரு நிலையம் செய்கிறதாம். பல இலட்சம் ஆகும். நிலம் ஒரு வேலி இருக்கிறது, விற்றுவிடலாம். உங்கள் தொழில் எலிதானே, நீங்கள் சொல்லுங்கள். அனுப்பட்டுமா, வேண்டாமா?”

அவருக்கு அன்று நான் கூறிய விடையையும், அது சரியான விடைதானா என்று இன்றுவரை என் மனம் வாதிட்டுக்கொண்டிருப்பதையும் உங்கள் முன் வைக்கவே இந்தச் சொற்பொழிவுக்கு இசைந்தேன். அதற்கு முன் எலிக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

‘மருந்து கேட்கும்’ என்பது நம் தமிழ் வழக்கு. சொன்ன சொல்லைக் கேட்கும் பிள்ளைபோல நோயும் மருந்தின் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. புற்றுநோயில் இந்தப் பிள்ளை மிகவும் முரடு. ஒரே உறுப்பில், ஒரே நிலையில் நோய் கண்ட இருவருக்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒருவருக்குக் கட்டி கரைகிறது. மற்றவருக்கு மருந்தின் துன்பம் மட்டுமே மிஞ்சுகிறது. நூறு பேரில் எத்தனை பேருக்குக் கேட்கும் என்பதை மருத்துவர் சொல்லுவார். தாம் அந்த நூறில் எந்தப் பக்கம் என்பதுதான் நோயாளி கேட்கும் கேள்வி. அதற்கு விடை தேடித்தான் மனிதர்கள் எலியிடம் போனார்கள்.

கட்டியை ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்கு மாற்றி வளர்க்க முடியும் என்று முதலில் காட்டியவர்களுள் ஒருவர் ருஷிய நாட்டுக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி. 1876-ஆம் ஆண்டு ஒரு நாயின் கட்டியை வேறொரு நாய்க்கு மாற்றினார். 1903-இல் கோபன்ஹேகன் நகரில் யென்சன் என்பவர் ஒரு சுண்டெலியின் கட்டியைத் தலைமுறை தலைமுறையாக வேறு சுண்டெலிகளில் வளர்த்துக் காட்டினார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்க ஒட்டு மாங்கன்றே போதும். வேர் ஒரு மரத்துடையது, தண்ணீரும் உரமும் அந்த வேர் தருவது. ஆனால் காய்க்கும் பழம் மேலே ஒட்டிய கிளையின் ஜாதிப் பழம். எலியின் இரத்தம் ஊட்டினாலும் கட்டி தன் ஜாதியை விடுவதில்லை.

ஆனால் எல்லா ஒட்டும் பிடிக்காது. அந்நியமான சதை உள்ளே வந்தால் உடல் அதை அழித்துவிடும். இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவில் கிளாரன்ஸ் லிட்டில் என்பவர் 1909 முதல் உடன்பிறந்த சுண்டெலிகளையே தலைமுறைதோறும் இணைத்து, ஓருருவான வம்சங்களை உருவாக்கினார். ஒன்றன் கட்டியை மற்றொன்று தன் சதையென்றே ஏற்றுக்கொண்டது. 1929-இல் அவர் மேய்ன் மாநிலத்தில் தோற்றுவித்த ஜாக்சன் ஆய்வகத்தின் வம்சங்கள்தாம் இன்று உலகெங்கும் கூண்டுகளில் இருக்கின்றன.

இப்போது 1942-ஆம் ஆண்டுக்கு வருவோம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், ஆல்ஃபிரெட் கில்மன் என்ற இருவரும் போர்க்கள நச்சுப்பொருளின் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டை ஆராய்ந்தனர். அது இரத்தத்தின் வெள்ளையணுக்களை அழிப்பதைக் கண்டு, நிணநீர்க் கட்டி ஒட்டப்பட்ட ஒரு சுண்டெலிக்கு அதைச் செலுத்தும்படி தாமஸ் டௌகர்ட்டி என்ற நண்பரிடம் கூறினார்கள். ஓரிரு ஊசிகளில் கட்டி மிருதுவாகிக் கரைந்தது. அதே ஆண்டில் வேறெந்தச் சிகிச்சையும் பயன்படாமற்போன ஒரு நோயாளிக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. சில நாட்களில் கட்டி சுருங்கியது. பின்னர் மீண்டும் வந்தது. இரசாயன மருந்துச் சிகிச்சையின் வரலாறு இந்த ஓர் எலியிலிருந்து தொடங்குகிறது. விசித்திரம் என்னவென்றால், பிறகு வேறு கட்டிகள் உள்ள எலிகளில் செய்து பார்த்தபோது அந்த முதல் எலிக்குக் கிட்டிய அளவு நல்ல பலன் கிட்டவில்லை. வேறோர் எலியில் ஆரம்பித்திருந்தால் அந்த முயற்சியையே கைவிட்டிருக்கவும் கூடும்!

நம் நாட்டுக்கு உரிய ஒரு பெயரையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ் அவர்களின் ஆய்வகத்திலிருந்து வந்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் சிறிது காலம் பின்வாங்கியது என்று 1948-இல் அவர் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அவருடைய மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் மருத்துவமனைகளில் வழங்குகிறது.

அந்நாட்களில் ஆராய்ச்சிசாலைகளில் புகழ்பெற்றது எல்-1210 என்ற சுண்டெலி இரத்தப் புற்று. ‘ஆறு முறை கீமோ’, ‘எட்டு முறை கீமோ’ என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஏன் ஒரே தடவையில் முடிப்பதில்லை? இதற்கு விடை இந்த எலியிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் பர்மிங்ஹாம் நகரில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்பவர், இந்நோயின் ஒரே ஓர் உயிரணுவைச் செலுத்தினால்கூட எலி இறந்துவிடுவதைக் கண்டார். மருந்து ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை அல்ல, ஒரு குறிப்பிட்ட பங்கையே கொல்கிறது என்பதையும் 1964-இல் காட்டினார். ஒரு கணக்குப் போடுவோம். உடலில் 100 கோடி நோயணுக்கள். ஆயிரத்துக்கு 999-ஐக் கொல்லும் மருந்து. முதல் முறைக்குப் பின் 10 இலட்சம் எஞ்சும். கட்டி கண்ணுக்கே தெரியாது. குணமாயிற்று என்று எண்ணுவோம். இரண்டாம் முறைக்குப் பின் 1,000. மூன்றாம் முறைக்குப் பின் 1. அந்த ஒன்றும் போதும், மறுபடி தொடங்க. மனித உடலில் கணக்கு இவ்வளவு நேராக நடப்பதில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து பிறந்தது.

1955 முதல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் பெருந்தொகையான இரசாயனப் பொருள்களை எலிகளில் சோதித்துச் சலித்தெடுத்தது. ஒரு குறை இருந்தது. அவை எலியின் கட்டிகள். வெகு விரைவில் வளர்பவை. விரைவாக வளரும் நோய்களுக்கு மருந்துகள் கிடைத்தன. மெல்ல வளரும் மனிதக் கட்டிகளுக்கு அந்தச் சல்லடை அவ்வளவாக உதவவில்லை. எலியின் புற்றை எலியில் சோதித்தால் எலிக்கு மருந்து கிடைக்கும் என்று என் தோழர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்லுவார்.

மனிதக் கட்டியையே எலியில் வளர்க்க வழி செய்தது ஒரு குறைப் பிறவி. 1962-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் உரோமமே இல்லாத சில சுண்டெலிகள் பிறந்தன. மொட்டையும் சுருங்கிய தோலுமாகப் பார்க்கவே பரிதாபமானவை. ஃபிளானகன் என்பவர் 1966-இல் அவற்றைப் பற்றி எழுதினார். அவற்றுக்கு தைமஸ் சுரப்பியே இல்லை என்பதை 1968-இல் பான்டலூரிஸ் கண்டறிந்தார். தைமஸ் இல்லையேல் அந்நியச் சதையை எதிர்க்கும் ஆற்றலும் இல்லை. மறு ஆண்டே கோபன்ஹேகனில் ரைகார்ட், பௌல்சன் என்ற இருவரும் ஒரு நோயாளியின் பெருங்குடற் கட்டியை அந்த மொட்டைச் சுண்டெலியில் ஒட்டினார்கள். ஒட்டுப் பிடித்தது! மனிதனுடைய புற்று எலியின் விலாவில் வளர்ந்தது. இன்று அதனினும் எதிர்ப்பாற்றல் குறைந்த வம்சங்கள் வந்துவிட்டன. அவற்றின் கூண்டருகே செல்வதற்கு நாங்கள் மேலங்கியும் முகமூடியும் அணிகிறோம். எங்களைக் காப்பதற்கல்ல, எலியைக் காப்பதற்கு. நம்மிடமிருந்து செல்லும் சாதாரணக் கிருமிகளைக்கூட அது தாங்காமற்போகலாம்.

வேலை நடக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அறுவை நடக்கும் அறையிலிருந்து கட்டியின் துண்டு குளிர்ந்த திரவத்தில் வந்து சேரும். தாமதமின்றி அதை மிளகளவாக நறுக்கி, மயக்க மருந்து கொடுத்த எலியின் விலாத்தோலின் கீழ் வைத்து மூடுகிறோம். பிறகு காத்திருக்கிறோம். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். சில பிடிப்பதே இல்லை. மார்பகப் புற்றில் ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை பெரும் பிடிவாதக்காரி. பெருங்குடற் கட்டி ஓரளவு எளிதில் பிடிக்கும். பிடித்த கட்டி நெல்லிக்காய் அளவு ஆனதும் அதை எடுத்து நறுக்கி வேறு சில எலிகளுக்கு. அவற்றிலிருந்து இன்னும் பல எலிகளுக்கு. போதுமான எலிகள் சேர்ந்த பிறகுதான் சோதனை. ஒரு குழுவுக்கு மருந்தில்லை. ஒரு குழுவுக்கு முதல் மருந்து. ஒரு குழுவுக்கு இரண்டாம் மருந்து. வாரத்துக்கு இருமுறை அளவியால் கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, அகலத்தை இருமுறை பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிப் பாதியாக்கினால் கட்டியின் பருமன். இருபத்தெட்டு ஆண்டுகளில் என் கை இந்தக் கணக்கை எத்தனை முறை எழுதியதோ!

இந்த வேலையில் நான் அடைந்த ஓர் அவமானத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு நோயாளியின் இரைப்பைக் கட்டியை ஒட்டினோம். அது அதிசயமான வேகத்தில் வளர்ந்தது. நான் மகிழ்ந்துபோய் மேலதிகாரியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அடுத்த தலைமுறைக்கும் மாற்றிவிட்டேன். பின்னர் சீவலெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே இரைப்பைப் புற்றின் சுவடே இல்லை. துண்டோடு சேர்ந்து வந்த நோயாளியின் வெள்ளையணுக்கள், எலியின் உடலில் தடுப்பார் இல்லாமையால், தாமே பெருகி வேறொரு கட்டியாக நின்றன. பயிர் என்று எண்ணிக் களைக்கு நீர் பாய்ச்சியிருந்தேன். இது அபூர்வமன்று, இத்தொழிலில் உள்ள பலரும் கண்டதே. அன்றிலிருந்து நுண்ணோக்கியில் பாராமல் எந்த ஒட்டையும் நான் நம்புவதில்லை.

இத்தகைய பிழை ஒரு தனி மனிதனுக்கு மட்டும் நேர்வதன்று. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் ஆர்தர் பாக்டன் என்பவர் ஒரு குறுக்குவழி கண்டார். கட்டியின் சிறு துணுக்கை எலியின் சிறுநீரகத்தின் மேலுறைக்குக் கீழே செருகி, மருந்து கொடுத்து, ஆறே நாட்களில் அளந்துவிடலாம் என்றார். ஆறு நாட்கள் என்றால் எந்த நோயாளியும் காத்திருக்கலாம் அல்லவா? எதிர்ப்பாற்றல் உள்ள சாதாரண எலியே போதும் என்றும் கூறப்பட்டது. எலியின் உடல் விழித்துக்கொள்வதற்குள் சோதனை முடிந்துவிடும் என்பது வாதம். பல நாடுகளில் இதைச் செய்தார்கள். 1983-இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் அந்தத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எலியின் அணுக்கள் உள்ளே புகுந்து குவிந்திருந்தன. கட்டி பெருத்ததாக அளந்தது பல வேளைகளில் எலியின் அணுக்களையே. மருந்து எலியின் எதிர்ப்பை அடக்கினால், கட்டி சுருங்கியதாகத் தோன்றும்! அவசரத்தின் பேரில் கட்டப்பட்ட அந்த முறை மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

சரி, நிதானமாக, முறையாகச் செய்தால் எலி சொல்வது பலிக்கிறதா?

பலிக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஃபீபிக் குழுவினர், ஒட்டுக் கட்டியில் கண்ட பலனையும் அதே நோயாளியிடம் கண்ட பலனையும் ஒப்பிட்டார்கள். ‘கேட்கும்’ என்று எலி சொன்னவற்றில் 100-க்கு 90 சரி. ‘கேட்காது’ என்று சொன்னவற்றில் 100-க்கு 97 சரி. 2011-இல் ஹிடால்கோ குழுவினர் வேறு வழியற்ற 14 நோயாளிகளின் கட்டிகளை ஒட்டி, 63 மருந்துகளைப் பலவகையாகச் சேர்த்துச் சோதித்தார்கள். 12 பேருக்கு ஏதோ ஒரு மருந்து எலியில் பலித்தது. அவர்களுள் ஒருவர் சிகிச்சை தொடங்குமுன்பே இறந்துவிட்டார். மற்ற 11 பேருக்கு எலி காட்டிய வழியில் 17 முறை சிகிச்சை நடந்தது. அவற்றில் 15 முறை கட்டி நன்கு சுருங்கி, சில காலம் அவ்வாறே நின்றது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 92 நோயாளிகளுக்கு நடந்த 129 சிகிச்சைகளில் 112-இல் எலியும் நோயாளியும் ஒத்துப்போனதாகக் கூறியது.

கேட்காது என்று சொல்வதில் எலிக்கு இருக்கும் திறமையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பயனில்லாத மருந்தை விலக்குவது என்றால் வாந்தியும் முடி உதிர்தலும் வாய்ப்புண்ணும் செலவும், எல்லாவற்றினும் மேலாக வீணாகும் மாதங்களும் மிச்சம். என் அபிப்பிராயத்தில், எலியின் பெரிய உபகாரம் இதுவே.

ஆனால் இந்த எண்களின் பின்னால் ஒரு மறைவு உண்டு. ஒட்டுப் பிடித்தவர்களையும், முடிவு வரும்வரை உயிரோடிருந்தவர்களையும் வைத்தே இந்தக் கணக்கு. பிடிக்காதவர்கள் கணக்கில் வருவதில்லை. ஒட்டிய நாளிலிருந்து விடை வருவதற்கு நான்கு முதல் எட்டு மாதங்கள் ஆகும். முற்றிய நோய் அத்தனை காலம் வாசலில் காத்திராது. மேலும் எலி தாங்கும் மருந்தின் அளவு வேறு, மனிதன் தாங்கும் அளவு வேறு. கட்டியைச் சூழ்ந்து தாங்கும் மனிதத் திசு சில தலைமுறைகளில் மறைந்து அவ்விடத்தை எலியின் திசு பிடித்துக்கொள்கிறது. கட்டியே எலியின் உடலில் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. அவ்வளவாக மாறுவதில்லை என்று 2021-இல் மற்றோர் ஆய்வு மறுத்தது. வழக்கு இன்னும் நடைபெறுகிறது. இவையன்றி, நோயாளியின் சொந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் புதுவகை மருந்துகளை, எதிர்ப்பாற்றலே இல்லாத எலியில் எங்ஙனம் சோதிப்பது? மனித இரத்த மூலங்களை எலியில் ஊன்றிப் பார்க்கிறார்கள். அது கடினமான, செலவு மிகுந்த வேலை.

ஆகவே நான் அந்த இளைஞரிடம் கூறியது இது: “தம்பி, இதை விற்பவர் யாராயினும் மூன்று கேள்வி கேளுங்கள். அம்மாவுக்கு வந்துள்ள வகைக் கட்டி அவர்களிடம் நூற்றுக்கு எத்தனை பிடிக்கிறது? விடை வர எத்தனை மாதம்? பிடிக்காவிட்டால் பணத்தில் எவ்வளவு திரும்பும்? எலியில் பலித்த மருந்து இங்கே கிடைக்குமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால், நிலத்தை விற்காதீர்கள். அம்மாவுக்குக் கொடுக்கக் கூடிய மருந்துகள் மூன்றோ நான்கோதான். எலியின் விடைக்கு முன்பே மருத்துவர் அவற்றுள் ஒன்றைத் தொடங்கியாக வேண்டும்.”

அவர் மறுவார்த்தை பேசவில்லை. காகிதங்களை மடித்து வைத்துக்கொண்டார்.

அறுவைக்கு முதல்நாள் நான் அந்த அம்மையாரைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஆராய்ச்சிக்காகக் கட்டியின் ஒரு துண்டைக் கொடுக்கச் சம்மதமா என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள். “வேண்டாத சதைதானே, எடுத்துக்கொள்ளட்டும்” என்று கையெழுத்திட்டிருக்கிறார். பிறகு என்னைப் பார்த்து, “ஏன் தம்பி, அந்த எலிக்கு வலிக்காதா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை என் 28 ஆண்டுகளில் எந்த விஞ்ஞானியும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. மயக்க மருந்து கொடுத்தே அறுக்கிறோம், கட்டி ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் வலியின்றி முடித்துவிடுகிறோம், குழுவின் அனுமதியின்றி ஓர் எலியைக்கூடத் தொட முடியாது என்றெல்லாம் சொன்னேன். இந்த விதிகளின் வேர் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதற்கு வித்திட்டது கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையில் கொண்டுவந்த தனி மசோதா என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. நடனத்துக்காக நாம் அவரைக் கொண்டாடுகிறோம். எங்கள் கூடத்து எலிகளுக்கு நடனம் தெரியாது, ஆயினும் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. நான் சொன்னதையெல்லாம் கேட்ட அந்த அம்மையார், “கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் போலிருக்கிறது” என்றார். நான் இல்லையென்று சொல்லவில்லை.

எலிக்குப் பதிலாக வேறு வழிகளும் தேடப்படுகின்றன. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில், வரிக்குதிரை மீன் என்ற விரற்கடை அளவு மீனின் குஞ்சுகளில் நோயாளியின் கட்டி அணுக்களைச் செலுத்திச் சில நாட்களிலேயே விடை காண்கிறார்கள். 2024-இல் 55 பெருங்குடற் புற்று நோயாளிகளிடம் அது 100-க்கு 91 பங்கு சரியாகச் சொன்னதாக வெளியிட்டிருக்கிறார்கள். அவசர முறை ஒன்று முன்பு என்ன ஆயிற்று என்பதை அறிந்தவனாகையால் நான் ஆவலோடும் சிறிது ஐயத்தோடும் அதைப் பார்க்கிறேன். தனி மனிதனுக்கு நாள் கடந்து விடை சொன்னாலும் எலியின் உழைப்பு வீண் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் கழகத்தார் 39 மருந்துகளைப் பற்றி 2001-இல் எழுதினார்கள். ஓர் உறுப்பின் ஒட்டில் பலித்த மருந்து அதே உறுப்பின் மனிதப் புற்றில் பலிக்கும் என்று சொல்ல முடியவில்லை. ஆயினும் சோதித்த ஒட்டுகளில் மூன்றில் ஒரு பங்கிலாவது பலித்த மருந்து, மனிதர்களின் ஏதேனும் ஒரு புற்றில் பலித்தது. அடுத்துவரும் நோயாளிகளுக்கான மருந்துகள் இவ்வாறுதான் தேறி வருகின்றன.

அம்மையாருக்கு அறுவை நல்லபடி முடிந்தது. மருத்துவர் தேர்ந்த மருந்தைத் தொடங்கினார்கள். பாதி இங்கே, பாதி ஊரிலே சிகிச்சை நடந்தது. எட்டாம் மாதம் நோய் மறுபடி வந்தது, மருந்து கேட்கவில்லை. சென்ற தை மாதத்தில் அவர் காலமானார்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்த்திருப்பீர்கள். பெருங்குடற் கட்டி ஓரளவு பிடிக்கும் என்று நானே சற்றுமுன் சொன்னேன். அன்று துண்டை அனுப்பியிருந்தால், ஒட்டும் பிடித்திருந்தால், ஆறாம் மாதத்தில் விடை வந்திருக்கலாம். எட்டாம் மாதத்தில் எந்த மருந்தைத் தொட வேண்டாம், எதைத் தொடலாம் என்று தெரிந்திருக்கலாம். காலம் போதாது என்று நான் சொன்ன காரணம் அவர் விஷயத்தில் பொய்த்துப்போயிற்று. காரியங்கள் முடிந்து திரும்பிய மகன் என்னிடம் வந்தார். “ஐயா, அனுப்பியிருந்தால்?” என்றார். “தெரியவில்லை, தம்பி” என்றேன். நிலம் இருக்கிறது, தங்கையின் கல்யாணத்துக்கு ஆகும் என்று அவரே பேச்சை மாற்றினார். அவர் என்னைக் குறைகூறவில்லை. இன்று இந்த அவையிலும் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இதைச் சொன்னேன்.

எங்கள் கூடத்தில் பெருங்குடற் கட்டி ஒட்டிய எலிகளின் கூண்டுகள் ஒரு வரிசை இருக்கின்றன. சில ஒட்டுகள் நான்காம் தலைமுறையில், சில ஐந்தாம் தலைமுறையில். கூண்டின்மேல் யாருடைய பெயரும் எழுதும் வழக்கமில்லை. எண் மட்டுமே இருக்கும். அந்த அம்மையாரின் கட்டி எங்கள் நிலையத்துக்கு வந்ததா, வந்திருந்தால் எந்த எண் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விதி இடம் தராது. காலையில் அளவியை எடுத்துக்கொண்டு முதல் கூண்டிலிருந்து தொடங்குகிறேன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். குழந்தைகளின் நாடகம் தொடங்கட்டும்.